ஓடைப் பள்ளத்தில் பதினொரு சாக்கு

2024 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. கணவாய்க் காற்று மட்டும் விடாமல் ஜன்னல் கொக்கிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் சமையலறைத் தொட்டியில் பால் கவரைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் மனைவியின் தம்பி.

"மச்சான், நம்ம குறி போட்ட வெள்ளச் சாக்கு உங்க ஊட்டுல எத்தன இருக்குதுங்க?"

சௌக்கியமா என்று கேட்கவில்லை. அக்கா எழுந்தாச்சா என்று கேட்கவில்லை. இந்த இரண்டும் கேட்காமல் அவர் போனில் பேசத் தொடங்கி நான் கண்டதில்லை.

"போன வருசத்துல இருந்து இருபத்திரெண்டு வந்துச்சு. இப்ப ஒம்பது இருக்குது" என்றேன். மின்சார அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன். இப்படிப்பட்ட கேள்விக்கு எனக்கு எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

"அப்ப மீதி பதிமூணு?"

கையிலிருந்த பால் கவரைத் தொட்டியில் போட்டேன்.

"பதினொண்ணு இங்க நம்ம ஓடைப் பள்ளத்துல கெடக்குதுங்க. ரெண்டை நாயி கிழிச்சுப் போட்டிருச்சு. ஊரே வந்து நிக்குது. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அக்காகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

குழாயை மூடவில்லை நான். தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாக்குகளில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கான டயபர். என் மனைவிக்கு எழுபத்தொரு வயது. இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பை அறுவை நடந்தது. அதற்குப் பிறகு சிறுநீர் நிற்பதில்லை. நடப்பாள், சமைப்பாள், என்னை அதட்டுவாள், எல்லாம் முன்போலத்தான். அது மட்டும் அவள் சொல் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு நான்கு டயபர், வாரத்துக்கு இருபத்தெட்டு.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் பரவாயில்லை; அவள் பிறந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாகத் தம்பிக்கு. தாய் இறந்தபோது அவருக்கு வயது ஆறு. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். "அவனை நான் கழுவி உட்டவ. அவன் என்னை அப்படி நெனைக்கப்படாது" என்றாள். சரி என்றேன். அந்தத் தம்பியின் மகனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குப் போக வேண்டும், யாருக்கும் தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வர வேண்டும் என்பது அந்த வருடம் முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருந்த காரியம்.

நாங்கள் இருப்பது பாலக்காட்டு டவுனில் ஒரு காலனி. மாதம் ஒரு முறை நகரசபையின் பச்சை மேல்கோட்டுப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப் போவார்கள். கதவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடிப்பார்கள், ஐம்பது ரூபாய் வாங்குவார்கள். கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் அப்படித்தான் கொடுப்பேன், பால் கவர் தனி, மருந்து அட்டை தனி, எண்ணெய்க் கவர் தனி. வருகிற இரண்டு பேரில் ஒருத்தி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி, தமிழ் பேசுவாள். "சாரு குடுக்கற பால் கவர்ல சோறு போட்டுத் திங்கலாம்" என்பாள். கூட வரும் மலையாளத்துக்காரி சிரிப்பாள். ஆனால் டயபரைப் பற்றி முதல் மாதம் நான் மெல்லக் கேட்டபோது இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அது பற்றில்லா சாரே." முடியாதாம்.

பிறகு அதை என்னதான் செய்வது? எங்கள் காலனியில் சிலர் இருட்டியதும் ஸ்கூட்டரில் கால்வாய்க்கரைக்குப் போய் வருவதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆகாது. கொல்லையில் ஒரு முறை எரித்துப் பார்த்தேன். அது எரியவில்லை. உப்பிக்கொண்டு புகைந்தது, நாற்றம் மூன்று வீடு தாண்டியது. இப்படி இருக்கும்போதுதான் போனில் ஒரு கம்பெனி விளம்பரம் வந்தது. ஆஸ்பத்திரிக் கழிவு, டயபர், எல்லாம் வீட்டுக்கே வந்து எடுத்துப் போய் உலையில் போட்டுச் சாம்பலாக்குவார்களாம். கிலோவுக்கு நாற்பத்தைந்து ரூபாய். சனிக்கிழமை தோறும் மஞ்சள் வண்டி வரும். டிரைவர் கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுப்பான். பதினொரு கிலோ, சில வாரம் பன்னிரண்டு. பணம் கட்டிய அடுத்த நிமிடம் ரசீது போனில் வரும், அடியில் பூமிக்கு நன்றி சொல்லும் ஒரு வரியோடு. குறைந்த விலைக்கு வேறு ஆள் தேடவில்லை நான். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

கம்பெனி கொடுக்கும் மஞ்சள் பை மெல்லியது. விஷுவுக்கு முந்தின நாள், தெருப் பிள்ளைகள் பட்டாசைப் பிரித்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த நேரம், டிரைவர் தூக்கிய பை படியில் கிழிந்தது. என் மனைவி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் மஞ்சள் பையை ஒரு சாக்குக்குள் இறக்கி வாயைத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினேன்.

சாக்குக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. மச்சினரின் தோட்டத்திலிருந்து தேங்காய், நிலக்கடலை, அரிசி, மாம்பழம் என்று எது வந்தாலும் வெள்ளைச் சாக்கில்தான் வரும். ஒவ்வொன்றிலும் நீல மையில் ஒரு வட்டமும் அதற்குள் மூன்று கோடும் இருக்கும். அது அவர்கள் குடும்பக் குறி. மாட்டுக்கும் அதுதான், சாக்குக்கும் அதுதான். வேலந்தாவளம் சந்தையில் அந்த வட்டத்தைப் பார்த்தால் யார் வீட்டுப் பொருள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் சாக்கைக் கட்டினால் குறி வெளியே பார்த்திருக்க வேண்டும். மண்டியில் ஒருவர் மூட்டை இன்னொருவர் மூட்டையோடு கலந்துவிடக் கூடாது. சின்ன வயதில் அப்பாவின் களத்தில் கைக்குப் பழகிய முறை. டயபர் மூட்டையையும் அப்படித்தான் தைத்தேன், குறியை நீவிவிட்டு, சுருக்கம் இல்லாமல், நேராக, எல்லோருக்கும் தெரியும்படி. நல்ல சாக்கு வீணாகாமல் பயன்படுகிறதே என்று எனக்குத் திருப்திகூட இருந்தது.

மனைவியிடம் ஓய்வூதிய விஷயமாக அலுவலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தேன். மச்சினரின் தோட்டம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் சிறிது தூரத்தில் இருக்கிறது. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. கரையில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். ஊராட்சி ஆள் ஒருவர் கையில் போனோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தில் சாக்குகள். பதினொன்றிலும் நீல வட்டம் மேலே பார்த்தபடி கிடந்தது. நாய் கிழித்த இரண்டிலிருந்தும் சரிந்தவை இரவு மழையில் ஊறி, ஒவ்வொன்றும் ஒரு சுரைக்காய் அளவுக்கு உப்பி, வெள்ளை வெளேரென்று தண்ணீரை மறித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. நான் சுருட்டி ஒட்டும் விதம் அது.

மச்சினர் தோளில் துண்டோடு ஒரு ஓரமாக நின்றார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்னுங்க பண்ணாடி, தேங்காய்க்கு வெல இல்லீன்னு கேரளாக் குப்பைய நட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்றார் பால் வண்டிக்காரர் ஒருவர்.

"லோடுக்கு எவ்வளவுங்க குடுக்கறாங்க? சொன்னா எங்க பள்ளமும் சும்மாத்தான் கெடக்குது" என்றார் இன்னொருவர்.

ஊராட்சி ஆள் மரியாதையாகத்தான் பேசினார். "சாக்கு உங்களுது. குறி உங்களுது. எடமும் உங்களுது. அப்பறம் நான் என்னன்னுங்க எழுதறது?"

மச்சினர் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். சந்தைக்குப் போகும் வெள்ளைச் சாக்கு திரும்பி வந்துவிடும்; திரும்பாமல் அவர் தோட்டத்தை விட்டுப் போவது ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அது எந்த வீடு என்று காலையிலிருந்து அத்தனை பேருக்கு நடுவில் அவர் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தால் பழி நீங்கிவிடும். அக்கா வீட்டுப் பெயர் வெளியே வந்துவிடும்.

என்னைக் கண்டதும் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"மச்சான், இது யாருக்குங்க?"

"எனக்குத்தான்" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வழியெல்லாம் டாக்ஸியில் நான் யோசித்துவந்த பதில் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதால் சாக்கு கொடுத்தேன் என்று சொல்வதாக இருந்தேன். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அங்கே மற்றவர்களைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டிருப்பேன். என் எழுபத்தாறு வயதில் இருபத்துமூன்று பேர் என் வேட்டியைப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பார்க்காமல் இல்லை.

"எத்தன நாளாங்க?" என்றார் மச்சினர்.

"ரெண்டு வருசம்."

"பெரியவருக்குச் சக்கரை இருக்குமாட்ட" என்றார் பால் வண்டிக்காரர். சற்று முன் இருந்த குரல் அவரிடம் இல்லை.

யாரோ மோட்டார் அறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். போடுவதற்கு முன் அதன்மேல் ஒரு உரக் கவரை விரித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். நான் அதன்மேல் உட்கார்ந்தேன்.

கம்பெனி ரசீதுகளைப் போனில் எடுத்து ஊராட்சி ஆளிடம் காட்டினேன். பதிமூன்று வாரம், பதிமூன்று ரசீது, எடை, தொகை, எல்லாம் இருந்தது. அவர் இரண்டு ரசீது பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க பணம் குடுத்தது சரிங்க. ஆனா கெடக்கறது எங்கூரு ஓடையில. கம்பெனிக்காரன் கேரளாவுல. நான் அங்க போயி யாரைப் புடிக்கறது? பொருளு யாருதோ அவுங்கதானுங்க கட்டோணும்." ஆத்திரத்தோடு சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பத்தாயிரம் என்று எழுதினார். டிராக்டர், ஆள் கூலி, பிளீச்சிங் பவுடர், ஆஸ்பத்திரி உலைக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் என்னுடையது என்றார். தலையாட்டினேன்.

ஏற்றி முடித்ததும் மறுபடி எண்ணினேன். பதினொன்று. கொடுத்தது பதிமூன்று. மீதி இரண்டைத் தேடி ஓடைக்கரையில் நடக்கத் தொடங்கினேன். மச்சினர் பின்னால் வந்து கையைப் பிடித்தார். "வேண்டாமுங்க மச்சான், வழுக்கும். உங்களுக்கு இந்த ஒடம்போட எதுக்குங்க?" அவர் கண் கலங்கியிருந்தது. நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று. மனைவி கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் இருந்தது.

"எத்தன வருசமா உங்களுக்கு இந்தச் சீக்கு?" என்றாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி அழுவுறான். மச்சான் எம்பட அப்பன் மாதிரி, இத்தன கஷ்டத்துல இருக்கறாரு, ஒரு வார்த்த சொல்லலியே அக்கான்னு கேக்கறான்."

"நீ என்ன சொன்னே?"

"என்னன்னு சொல்றது? ஆமா கண்ணு, அவுரு ரொம்பக் கூச்சப்படறாருன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் அவ்வளவு சுலபமாக, ஒரு நொடி தடுமாறாமல் அதைச் சொல்லியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. ஓடைக்கரையில் இருந்த அதிர்ச்சி போதாதென்று இது வேறு. விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பாமலே பேசினாள். "நான் கண்ணாலத்துக்கு வர்லீங்க. அத்தன சனமும் அத நேருல பாத்திருக்குது. எனக்கு உக்கார முடியாது."

"எனக்குன்னுதானே சொன்னேன்?"

"பாத்தது பாத்ததுதானுங்க."

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. நான் எதிர்பார்க்கவில்லை, சரியாகப் பத்து மணிக்கு மஞ்சள் வண்டி வந்து ஹார்ன் அடித்தது. அதே டிரைவர். தோளில் தராசு.

ஓடையைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. "மெஷின் கம்ப்ளைன்ட் சாரே, மூணு மாசமாயி. கோடௌன் நெறஞ்சு. முதலாளி சொன்ன எடத்துல எறக்கினேன், சாக்கு அங்க, மத்தவங்க பையெல்லாம் வேற எடம். எனக்கென்ன தெரியும்?"

"பதிமூணு கொடுத்தேன். பதினொண்ணுதான் கிடைச்சுது. ரெண்டு எங்கே?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். "அது வழியில எங்கயாவது விழுந்திருக்கும் சாரே. மழையாச்சே. தார்ப்பாய் கட்டல."

எங்கள் காலனிக்கும் செக்போஸ்ட்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு சாலையோரத்தில், குறி வெளியே தெரிய, இரண்டு மூட்டை. அவன் தராசின் கொக்கியை நீட்டி, "இன்னிக்கு எத்தன கிலோ சாரே?" என்றான். நான் கதவைச் சாத்தினேன். அன்று மாலை கம்பெனியிலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது, சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு. அதற்குப் பிறகு நான் அடித்த ஒரு அழைப்பையும் அவர்கள் எடுக்கவில்லை.

ஆனால் நாளைக்கு நான்கு என்பது நிற்கவில்லை. கொல்லைக் குளியலறையில் மூட்டை வளர்ந்தது. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கடைவீதிக்குப் போய்த் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணி டயபர் பன்னிரண்டு வாங்கினேன். அதற்கென்று தனியாக ஒரு சலவை இயந்திரம். துவைப்பது என் வேலை. மொட்டை மாடியில் நான் காயப்போடுவதைப் பக்கத்து மாடியிலிருந்து பார்த்துவிட்டு அந்த வீட்டுக்காரர், "பேரக் குழந்தை வந்திருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்வதில் எனக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது.

ஆடி முடியும் சமயத்தில் மச்சினர் என் மனைவியின் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். கல்யாண மண்டபத்தில் மணமேடைக்கு ஒட்டினாற்போல ஒரு அறை, உள்ளேயே நாற்காலி வைத்த கழிப்பறை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒதுக்கியிருந்ததை மாற்றி எனக்கென்று போட்டிருக்கிறாராம். "மச்சானுக்குச் சிரமமே இருக்காதுன்னு சொல்லுங்க அக்கா." என் மனைவி படத்தை விரலால் பெரிதாக்கினாள். கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குன்னு இத்தன பண்ணியிருக்கறான். நீங்க போகாம இருந்தா நல்லாருக்காதுங்க" என்றாள்.

போனோம். ஒறம்பரைச் சனம் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான் இறங்கியதிலிருந்து ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு வைத்தியம் சொன்னார்கள். வாழைத்தண்டுச் சாறு என்றார்கள் நான்கு பேர். கோயமுத்தூரில் நல்ல டாக்டர் என்றார்கள் ஏழு பேர். சாப்பாடு குறைத்துக்கொள்ளச் சொன்னவர் ஒருவர், அவர் அப்போது பந்தியில் இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தார். பால் வண்டிக்காரரும் வந்திருந்தார். எனக்கு மோர் கொடுக்க வந்த பையனை அவர்தான் தடுத்தார்.

முகூர்த்தத்துக்கு முன் என் மனைவி முன்வரிசையில் இருந்து எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வாங்க, ஒருக்கா போயிட்டு வந்திரலாம். இவுருக்குத் தனியா ஆவாது." கூட்டம் வழிவிட்டது. நான் தலை குனிந்து நடந்தேன், அவள் என் முழங்கையைப் பிடித்தபடி பின்னால். அறைக் கதவைச் சாத்தியதும் அவள் கழிப்பறைக்குள் போனாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே நாதஸ்வரம், ஆட்டோக்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இதேதான், மொத்தம் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது அவள் முகத்தில் என்மேல் ஒரு பெருங்கவலை இருந்தது. அதை அவள் எங்கே கற்றாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மணமக்கள் காலில் விழுந்தபோது அவள் தடுமாறாமல் குனிந்து தூக்கினாள். தம்பி பக்கத்தில் நின்று, "மச்சானையும் பாத்துக்கிட்டு, இதையும் பாத்துக்கறீங்களே அக்கா" என்றார். அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதறதுன்னா எழுதுங்க, பேரு போடாதீங்க. தம்பி படிக்கறதெல்லாம் தேங்காய் வெல மட்டுந்தான்" என்றாள். மச்சினர் இப்போதும் போனில் சௌக்கியமா என்றுதான் தொடங்குகிறார். ஆனால் அதை முதலில் என்னைப் பற்றிக் கேட்கிறார். தேங்காய் இப்போது குறியில்லாத சாக்கில் வருகிறது.

இந்த விஷயத்தில் ஆன செலவுக் கணக்கு இது; கம்பெனிக்கு வாராவாரம் கட்டியதை நான் இதில் சேர்க்கவில்லை. அபராதம் பத்தாயிரம். டிராக்டருக்கும் ஆட்களுக்கும் மூவாயிரத்து ஐந்நூறு. பிளீச்சிங் பவுடர் அறுநூறு. ஆஸ்பத்திரி உலைக்கு ஆறாயிரத்து நானூறு. டாக்ஸி இரண்டாயிரத்து இருநூறு. துணி டயபர் ஐயாயிரத்து நானூறு. சலவை இயந்திரம் பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஆக நாற்பத்தாறாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.